எத்தனை நாள் தாங்கும்?

"கம்பியும் வேண்டா, குழாயும் வேண்டா, கூரைமேல் நான்கு சூரியத் தகடுகள் இருந்தால் போதும், காலமெல்லாம் காட்டிலேயே இருந்துவிடலாம்!" நம் விடுதி உணவறையில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அமெரிக்கர்கள் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு பாலைவனத்திலும் மலையடிவாரத்திலும் தங்கியிருக்கும் படங்களைக் கைப்பேசியில் கண்ட நண்பர்கள் பலர் இவ்வாறு மயங்கிப் போயிருக்கிறார்கள். மயங்குவதில் வியப்பில்லை. ஓர் அறையில் மூவராக, தேர்வுக்கு அஞ்சி, மின்விசிறியின் முனகலைக் கேட்டுக் கிடப்பவனுக்கு அந்தப் படங்கள் இனிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பேச்சு உண்மைதானா? உண்மையன்று என்பதே என் கருத்து. அந்த வண்டி ஓரிடத்தில் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சூரியத் தகடு முடிவு செய்வதில்லை. தொட்டிகள் முடிவு செய்கின்றன. அவற்றுள்ளும் எந்தத் தொட்டி என்று கேட்டால், படங்களில் ஒருவரும் பெருமையாகக் காட்டாத தொட்டி!

ஆர்.வி. என்று அமெரிக்கர் சுருக்கமாகக் கூறுவது படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பிடம் எல்லாம் அமைந்த வீட்டு வண்டி. தானே ஓடுவதும் உண்டு. காரின் பின்னால் இழுத்துச் செல்வதும் உண்டு. கட்டணம் வாங்கும் முகாம்களில் இவ்வண்டிக்கு மூன்று இணைப்புகள் தருவார்கள். மின்கம்பி ஒன்று, நீர்க்குழாய் ஒன்று, கழிவுக் குழாய் ஒன்று. இம்மூன்றும் உள்ளவரை அது வண்டியன்று, வீடுதான். மூன்றையும் விட்டு வெட்டவெளியில் தங்குவதைப் 'பூண்டாக்கிங்' என்று பேச்சு வழக்கில் சொல்கிறார்கள். மலை என்னும் பொருளுடைய 'பூண்டோக்' என்ற தகலோக் மொழிச் சொல்லைப் பிலிப்பைன்சுக்குப் போன அமெரிக்கப் படைவீரர்கள் எடுத்து வந்தார்கள். அது திரிந்து இப்படியாயிற்று. சொல்லைக்கூட அயலாரிடமிருந்து பெற்றுக்கொண்டுதான் "யாரையும் சாராத வாழ்வு" பேசுகிறார்கள் என்பது ஒரு வேடிக்கை.

இந்தத் 'தன்னிறைவு' ஆசை இன்று பிறந்ததன்று. ஏர்ஸ்ட்ரீம் என்னும் அலுமினிய வண்டிகளைச் செய்த வாலி பயம் என்பவர் 1950களில் அதையே தம் குறிக்கோளாகக் கொண்டிருந்தார். 1959இல் நாற்பதுக்குக் குறையாத வண்டிகளை அணிவகுத்து, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து எகிப்தின் கெய்ரோ வரை நடத்திச் சென்றார். அன்று அவருக்கு இருந்த தடைகளுள் பெரும்பாலானவை இன்று நீங்கிவிட்டன. எவை நீங்கின, எது நீங்கவில்லை என்று பார்ப்போம்.

முதலில் மின்விசை. முகாமில் கிடைக்கும் 30 ஆம்பியர் இணைப்பு, அந்நாட்டு 120 வோல்ட்டில், ஒரே நேரத்தில் 3,600 வாட் தரும். அதை விட்டு வெளியேறினால் பாட்டரிதான் துணை. பழைய ஈயப் பாட்டரி 100 ஆம்பியர்-மணி அளவுள்ளது என்றால், 12 வோல்ட்டில் 1,200 வாட்-மணி; அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம், மேலும் எடுத்தால் பாட்டரி விரைவில் கெடும். ஆக, 600 வாட்-மணி. விளக்கு, விசிறி, கைப்பேசி, நீரேற்றும் சிறு பம்பு ஆகியவற்றுக்கு இது இரண்டு நாள் வரலாம். ஏ.சி. பொறியைப் போட்டாலோ அரை மணி நேரம்! இன்று லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரிகள் வந்துள்ளன. அவற்றில் உள்ளதை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துப் பயன்படுத்தலாம். கூரைமேல் 400 வாட் தகடுகள் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவாட்-மணி அளவுக்குத் தரும். மின்சாரக் குளிர்ப்பெட்டியும் விளக்கும் மடிக்கணினியும் அதில் ஓடிவிடும். ஆகவே, ஏ.சி. வேண்டா என்பவனுக்கு, வானமும் மூடாதிருந்தால், மின்விசைக் கவலை இல்லை. இவ்வளவில் நம் உணவறை நண்பர்கள் சொல்வது சரியே.

ஏ.சி. வேண்டும் என்றால் கதை வேறு. நம் ஊர்ப் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நாளெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர்தான் அந்தக் குளிர்ச்சியின் உயிர். அமெரிக்கப் பாலையில் கோடை வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டும். அதனால் விவரம் அறிந்தவர்கள் பொறியை நம்புவதில்லை. பறவைகளைப் போல் குளிர்காலத்தில் தெற்கே இறங்கி, கோடையில் மலையேறி விடுகிறார்கள். அவர்களுக்குப் 'பனிப்பறவைகள்' என்றே பெயர்.

அடுத்தது எரிவாயு. ஒன்பது கிலோ புரோப்பேன் சிலிண்டர் சமையலுக்கு மட்டும் என்றால் பல வாரம் வரும். இரவில் கணப்புப் பொறியை ஓட்டினால், மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் பொறிக்கு இடைவிடாமல் பதினான்கு மணி நேரமே வரும். விட்டு விட்டு எரிவதால் சில இரவுகள் தாங்கும். இங்கே மாணவர்களுக்கு உவப்பான செய்தி ஒன்று. வண்டிகளில் பல்லாண்டுகளாக இருந்து வரும் எரிவாயுக் குளிர்ப்பெட்டி, சுடரின் வெப்பத்தைக் கொண்டே குளிரை உண்டாக்குவது. உள்ளே ஓடும் உறுப்பு எதுவும் இல்லை. 1922இல் அதைக் கண்டுபிடித்த பிளாட்டனும் மன்டர்சும் அப்போது ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்! எரிவாயு தீர்ந்தால் ஊருக்குப் போய் நிரப்பி வரலாம். இதுவும் பெரிய தடையன்று.

இனித் தண்ணீர். கணக்கு இங்கேதான் கசக்கத் தொடங்குகிறது. நடுத்தர அளவுள்ள வண்டி ஒன்றில் நல்ல நீர்த்தொட்டி 40 காலன், அதாவது 150 லிட்டர், கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். இருவர் இருக்கிறார்கள். அமெரிக்கர் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்குச் செலவிடும் நீர் 300 லிட்டருக்கு மேல் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. அந்தப் பழக்கத்தோடு வண்டியில் ஏறினால் காலையில் நிரப்பிய தொட்டி பிற்பகலுக்குள் வற்றிவிடும். நம் நாட்டுச் சிற்றூர்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் 2019இல் குறித்த அளவு தலைக்கு 55 லிட்டர். அந்த அளவில் செலவிட்டாலும் இருவருக்கு ஒன்றரை நாள் தாங்காது. ஆக, நம் சிற்றூர்க்காரரை விடவும் சிக்கனமாக இருந்தால்தான் 'விடுதலை வாழ்வு' இரண்டாம் நாளைக் காணும்!

எவ்வளவு சிக்கனம்? குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர். பாத்திரம் துலக்க 3. முகம், கை, பல் இவற்றுக்கு 2. கழிப்பிடத்துக்கு 3. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 8 லிட்டரில் குளியல் என்றால் நாளுக்கு 4. மொத்தம் 16 லிட்டர், இருவருக்கு 32. தொட்டி நான்கரை நாளில் காலி. பாத்திரத்தைத் தாளால் துடைத்துவிட்டு, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, ஆளுக்கு 8 லிட்டரில் நாளை ஓட்டினால் ஒன்பது நாள். ஷவரில் குளிக்கும் அமெரிக்கருக்கு இந்தச் சிக்கனத்தைக் கற்பிப்பது எளிதன்று; அந்நாட்டு விதி இசைவளிக்கும் ஷவர் ஒன்று நிமிடத்துக்கு ஒன்பதரை லிட்டர் வரை கொட்டும். எனவே அங்கே 'கடற்படைக் குளியல்' என்று ஒன்றைச் சொல்லித் தருகிறார்கள். நனைந்தவுடன் மூடு, சோப்புப் போடு, மறுபடி திற, அலம்பு, மூடு. இதையே நாம் ஒரு வாளியும் ஒரு குவளையும் கொண்டு, பெயர் எதுவும் சூட்டாமல், நாள்தோறும் செய்து வருகிறோம். விடுதியில் குழாய் நின்றுபோன காலைகளில் அரை வாளியில் தலைக்குக் குளித்துத் தேர்வெழுதப் போனவர்கள் இந்தக் கணக்கில் எந்தப் பனிப்பறவைக்கும் ஆசிரியராக இருக்கத் தகுதியுடையவர்கள்.

"பெரிய தொட்டியாக வைத்துக்கொண்டால் ஆயிற்று" என்பர் சிலர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 400 லிட்டர் என்றால் 400 கிலோ. வண்டியின் அச்சும் டயரும் சுமக்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் ஆட்களும் அரிசியும் பாட்டரியும் அடங்க வேண்டும். இருந்தாலும் நல்ல நீருக்கு ஒரு வழி உண்டு. கேன்களில் ஊருக்குப் போய்க் கொண்டு வரலாம். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கலாம். ஆகவே நல்ல நீரும் கடைசி எல்லையன்று.

கடைசி எல்லை கழிவுத் தொட்டிதான். பாத்திரமும் உடம்பும் கழுவிய நீர் ஒரு தொட்டியில் சேரும். அதைச் சாம்பல் தொட்டி என்பர். கழிப்பிடத்திலிருந்து வருவது மற்றொன்றில் சேரும். அது கருப்புத் தொட்டி. நல்ல நீரை எவ்வளவு கொண்டு வந்து ஊற்றினாலும் அது இவ்விரண்டில் ஒன்றில்தான் போய் விழும். எவ்வளவு அருந்தினோமோ அவ்வளவுக்குக் கணக்கு உண்டு! கருப்புத் தொட்டி 110 லிட்டர் கொள்ளும். இருவரால் நாளுக்கு 12 லிட்டர் அளவில் நிரம்பும் என்றால் ஒன்பதாம் நாள் தளும்பும். பாட்டரி தீர்ந்தால் இருட்டில் இருக்கலாம். எரிவாயு தீர்ந்தால் பழம் தின்னலாம். இது நிரம்பினால் ஒன்றும் செய்வதற்கில்லை. வண்டியைக் கிளப்ப வேண்டியதுதான். சக்கரம் வைத்த சிறு பெட்டியில் இறக்கி இழுத்துச் செல்வாரும் உண்டு. அதுவும் எங்கோ ஓர் ஊரின் கழிவு வாயிலுக்குத்தான் போய்ச் சேர வேண்டும். சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் உலர்கழிப்பிடங்கள் வந்திருக்கின்றன; அவை நாட்களை நீட்டுகின்றன, ஐயமில்லை. ஆயினும் சிறுநீர்க் கலத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை எங்கேனும் ஊற்றியாக வேண்டும். எங்கே என்ற கேள்வி போகவில்லை, கலம்தான் சிறியதாயிற்று.

எனவே விடை இது. பழக்கத்தை மாற்றாதவர்க்கு ஒரு நாள்கூட இல்லை. ஓரளவு அடங்கியவர்க்கு நான்கைந்து நாள். மிகவும் தேர்ந்தவர்க்கு, இடையில் நல்ல நீர் கொண்டு வந்தால், பத்து முதல் பதினான்கு நாள். அதற்கு மேல் ஓரிடத்தில் நிற்பவர் யாரேனும் இருந்தால், அவர் கழிவை வேறெங்கோ கொண்டு போகிறார் அல்லது கீழே விடுகிறார் என்று பொருள்.

கீழே விடுவோரும் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். அமெரிக்காவில் நிலமேலாண்மைப் பணியகம் என்னும் மைய அரசுத் துறை ஏறத்தாழ 24 கோடியே 50 லட்சம் ஏக்கர் பொதுநிலத்தைக் காக்கிறது. அந்நாட்டு நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. அதன் பெரும்பகுதியில் எவரும் கட்டணமின்றித் தங்கலாம். பொதுவாக 28 நாட்களுள் 14 நாள். பிறகு வெகுதூரம் விலகிப் போய்விட வேண்டும். இவ்வளவு தாராளமான உரிமை உலகில் அரிது. அதைக் கெடுப்பது எது? மலமும் குப்பையும்தான். கழிவு விட்டுச் செல்லப்பட்ட இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிறு கட்டிவிடுகிறார்கள். ஒழுங்காகத் தங்கியவனுக்கும் அதே கயிறு.

இப்போது நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே லா போசா என்னும் பாலைநிலத்தில், இணைப்பு எதுவும் இல்லாத வண்டிகள், ஓர் இசைவுச்சீட்டின் பேரில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்கலாம். இத்தகைய நெடுநாள் தங்குமிடங்களை மேற்கூறிய பணியகம் 1983இல் அமைத்தது. பதினான்கு நாளில் எழுப்பி விடுகிற அதே துறை இங்கே ஏழு மாதம் பொறுப்பது எப்படி? காரணம் மிக எளிது. அங்கே குடிநீர்க் குழாய் இருக்கிறது. கழிவு இறக்கும் இடம் இருக்கிறது. குப்பைத் தொட்டி இருக்கிறது. வண்டியில் கழிவுத் தொட்டி இருந்தாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சூரியன் எல்லாப் பாலைநிலத்திலும்தான் காய்கிறது. குழாயும் கழிவு வாயிலும் உள்ள பாலைநிலத்தில்தான் ஏழு மாதம் தங்க முடிகிறது! இணைப்பில்லாத வாழ்வின் மிக நீண்ட காலம், அரசு ஒரு குழாயை நட்டு வைத்த இடத்தில் நடக்கிறது. 'எவரையும் சாரோம்' என்று முழங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது மற்றொரு கூட்டத்தாரை மறக்க முடியாது. விடுமுறைக்காக அன்றி, வாடகை கொடுக்க முடியாமல் வண்டியில் குடியேறியவர்கள் அங்கே மிகப் பலர். அவர்களுள் முதியோரின் வாழ்வை, குவார்ட்சைட் முகாம்கள் உட்பட, ஜெசிக்கா புரூடர் என்ற செய்தியாளர் 2017இல் 'நோமட்லேண்ட்' என்னும் நூலாக எழுதினார். அதைத் தழுவிய படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. நம்மில் பலர் பார்த்திருப்போம். மலைகளும் அந்திவானமும் மனத்தில் நிற்கின்றன, வாளி கழிப்பிடமானது மறந்துவிடுகிறது. "எத்தனை நாள் தாங்கும்?" என்பது விடுமுறைக்காரனுக்கு விளையாட்டுக் கணக்கு. வீடிழந்த மூதாட்டிக்கு அதுவே வாழ்க்கைக் கணக்கு. பதினைந்தாம் நாள் அவள் எங்கே போவாள்? ஊருக்குள் நிறுத்தினால் விரட்டுகிறார்கள். பொது இடத்தில் தங்கி உறங்குவோரைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று, கிராண்ட்ஸ் பாஸ் நகரத்து வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்துவிட்டது. தண்டிக்கும் உரிமையைப் பெற்ற நகரங்கள், தண்ணீர்க் குழாயும் கழிவு வாயிலும் வைக்கும் கடமையையும் ஏற்க வேண்டாவா? லா போசாவில் பாலைவனத்தின் நடுவே முடிந்தது, நகரத்தின் நடுவே முடியாதா?

அமெரிக்கரிடம் குறை மட்டுமே காண்பது நேர்மையன்று. ஒரு நல்ல பழக்கத்தை அவர்களிடம் கண்டு நான் வியக்கிறேன். வண்டிக்காரர் செல்வராயினும் ஏழையாயினும், கழிவு வாயிலருகே நிறுத்தி, கையுறை மாட்டி, மூன்றங்குலக் குழாயைத் தாமே பூட்டி, கருப்புத் தொட்டியின் திறப்பை முதலிலும் சாம்பல் தொட்டியின் திறப்பைப் பின்னரும் இழுக்கிறார். பின்னர் வரும் சோப்புநீர் குழாயைக் கழுவிவிடும் என்பதே அந்த வரிசைக்குக் காரணம். ஓய்வு பெற்ற பேராசிரியரும் இதைச் செய்கிறார். லாரி ஓட்டியவரும் செய்கிறார். தன் வீட்டுக் கழிவைத் தன் கையால் அகற்றுவதில் அங்கே இழிவு இல்லை.

இங்கே? 2021இல் மகாராட்டிரமும் கேரளமும் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்தன. வண்டிகள் வரத் தொடங்கியுள்ளன, வருவதை வரவேற்கிறேன். ஆனால் கருப்புத் தொட்டியின் நெம்புகோலை யார் இழுப்பது? கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் மற்றொரு சட்டம் செய்தோம். ஆயினும் கழிவுக் குழியில் இறங்கி மடிந்தவர் செய்தி இன்றும் நாளேட்டில் வருகிறது. மடிபவர் எந்தக் குலத்தார் என்பதும் நாம் அறிந்ததே. சுற்றுலாப் பயணி மெத்தையில் சாய்ந்திருக்க, அவன் தொட்டியைத் திறக்க ஒரு சிறுவனை ஐம்பது ரூபாய்க்குப் பிடித்து வரும் நிலை வந்தால், அந்த வண்டி சாலைக்கு வராமலே இருக்கலாம்.

இதைத் தடுப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. உட்சரிவான ஒரு சிமெண்டுத் தளம். நடுவில் மூடியுள்ள நான்கங்குல வாயில். அங்கிருந்து ஊர்க் கழிவுக் குழாய்க்கோ மூடிய கழிவுத் தொட்டிக்கோ ஒரு வழி. தளத்தைக் கழுவ 'குடிப்பதற்கன்று' என்று எழுதிய ஒரு குழாய். அதற்கு எட்டத்தில், வேறாக, நல்ல நீர்க் குழாய். நெடுஞ்சாலையில் பெட்ரோல் நிலையத்துக்கு இடம் தேட முடிந்த நமக்கு இதற்கும் இடம் கிடைக்கும். வண்டியை வாடகைக்குக் கொடுக்கும் நாளிலேயே, ஓட்டக் கற்றுத் தருவது போல, குழாயைப் பூட்டவும் திறப்பை இழுக்கவும் வாடகைக்காரருக்குக் கற்றுத் தர வேண்டும். "அதற்கெல்லாம் ஆள் வைத்திருக்கிறோம்" என்று சொல்லும் நிறுவனத்துக்கு உரிமம் தரலாகாது.